இரண்டாம் நாள் காலை ஏழு மணிக்குப் பாலம்

பக்கத்து நகர்க்காரர்கள் சுவிட்சர்லாந்துக்குப் போய்ப் பனிமலை மேல் தார்ப்பாய் விரித்துப் புளியோதரை சாப்பிட்ட வீடியோவை ஊருக்கெல்லாம் அனுப்பிவைத்த அந்தக் கோடையில்தான், திருச்சிக்கு மேற்கே பெரியவாய்க்காலின் வடகரையில் நாற்பத்திரண்டு மாடிவீடுகளும் ஒரு பிள்ளையார் கோயிலும் திறந்த நாள் முதல் பூட்டியே கிடக்கும் ஓர் உடற்பயிற்சிக் கூடமுமாக விளங்கிய சொர்ணபுரி அவென்யூ, தானும் பழம்பெருமை வாய்ந்த ஓர் ஐரோப்பிய நகரத்தைப் பார்த்தே தீருவதென்று தீர்மானம் போட்டது. எந்த நகரம் என்பதில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் சண்டை நடந்து, ரோம் வெயிலடிக்கும் என்றும் பாரிஸுக்குப் பல் டாக்டர் குடும்பம் ஏற்கெனவே போய்விட்டது என்றும் தள்ளப்பட்டு, கடைசியில் ப்ராக் என்று முடிவானதற்கு, அந்த நகரத்துக் கல்பாலத்தின் மேல் கதாநாயகனும் கதாநாயகியும் ஓடிவந்து கட்டிக்கொள்கிற ஒரு சினிமாப் பாட்டைச் சங்கத்துப் பொருளாளர் இருபது வருஷமாகக் குளிக்கும்போது பாடிவருகிறார் என்பதைத் தவிர வேறு காரணம் இருந்ததாக இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை.

வாய்க்காலின் தென்கரையில் இருப்பது காலனி. அந்தச் சொல்லுக்குத் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. அவென்யூவின் பாத்திரங்களைத் தேய்ப்பது, கார்களைக் கழுவுவது, செப்டிக் டேங்க் நிரம்பினால் கூப்பிட்டனுப்பப்படுவது எல்லாம் அந்தக் கரைதான். நடுவே முப்பதடி அகலத்துக்கு வாய்க்கால். அந்த முப்பதடியைக் கடக்கக் காலனிக்கு இருந்த வழி, கரைக்குக் கரை போட்டிருந்த குடிநீர்க் குழாய். குழாய்க்குள் ஓடிய தண்ணீர் அவென்யூவுக்குப் போனது, குழாயின் முதுகு மட்டும் காலனிக்குக் கிடைத்தது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கீழே பார்க்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். முடியாதவர்கள் நெடுஞ்சாலைப் பாலம் வழியாக நாலு கிலோமீட்டர் சுற்ற வேண்டும்.

மதியரசி அந்தக் குழாயின் மேல் நடந்துதான் ஒன்றாம் வகுப்புக்குப் போனாள், அதன் மேல் நடந்துதான் பல்கலைக்கழகத்தில் வரலாற்று ஆராய்ச்சிக்கும் போய்க்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா பவுனு, போன ஐப்பசி மழையில் அதே குழாயிலிருந்து வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்து இரும்புத் தகடு வைத்துக்கொண்ட பிறகு, அவென்யூவில் மூன்று வீட்டு வேலைக்காகத் தினமும் நாலும் நாலும் எட்டுக் கிலோமீட்டர் நொண்டி நடந்தாள். இப்படியே இன்னொரு வருஷம் நடந்தால் காலை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆகவே உலகத்தில் எத்தனையோ விஷயங்களைப் பற்றி எவரோடும் எந்நேரமும் வாதாடத் தயாராயிருந்த மதியரசிக்கு, உண்மையில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: வாய்க்காலுக்குக் குறுக்கே ஒரு பாலம். பத்து மனு எழுதியாயிற்று. பத்தும், வடகரைக் குடியிருப்போர் சங்கம் தங்களுக்கு ஆட்சேபணை இல்லையென்று கொடுக்கும் கடிதம் இணைக்கப்படவில்லை என்ற ஒற்றை வரியோடு திரும்பி வந்தன.

அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் சங்கத் தலைவர் சச்சிதானந்தம். பணியிலிருந்து ஓய்வு பெற்ற பொறியாளர். பணியில் இருந்த காலத்தில், இதே வாய்க்காலைப் பற்றி, இந்த மண் பாலத்தைத் தாங்காது என்று அறிக்கை எழுதிவிட்டு, அதே மண்ணின் மேல் மூன்று மாடியும் ஒரு நீச்சல்தொட்டியும் கட்டிக் குடிவந்தவர். அவர் பெயருக்குப் பின்னால் நாலு எழுத்துப் பட்டம் இருந்ததால் இதில் உள்ள முரண்பாட்டை யாரும் கேட்கவில்லை.

ப்ராக் பயணத்துக்கு விசா வாங்க ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மணிக்கும் எங்கே இருப்போம், என்ன பார்ப்போம் என்று ஒரு திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று தெரியவந்தபோது, நாற்பத்திரண்டு வீட்டிலும் அந்த நகரத்தைப் பற்றி ஒரு பக்கம் படித்தவர்கள் ஒருவரும் இல்லை. பவுனு வேலை செய்த வீட்டு வத்சலா மேடத்துக்குத்தான் ஞாபகம் வந்தது: நம்ம பவுனு பொண்ணு ஹிஸ்டரிதானே. மதியரசி கூப்பிட்டு அனுப்பப்பட்டாள். வரவேற்பறையில் பத்து நாற்காலி இருந்தும் நின்றபடியே கேட்டுக்கொண்டாள். திட்டத்தை எழுதிக் கொடு, எழுதி முடித்த அன்றைக்கே உன் கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறேன் என்று சச்சிதானந்தம் சொன்னார். அவள் ஒப்புக்கொண்டாள். எதற்காக ஒப்புக்கொண்டாய் என்று பல்கலைக்கழகத் தோழிகள் கேட்டபோது, ஏழு தலைமுறையாக அவர்களுக்குப் பல்லக்குத் தூக்கினோம், இது தாளில் தூக்குகிற பல்லக்கு, கூலியாகப் பாலம் கிடைக்கிறது, முந்தியெல்லாம் அதுவும் கிடைத்ததில்லை என்றாள்.

அப்படித்தான் திட்டம் எழுதப்பட்டது. இரண்டாம் நாள் காலை ஏழு மணி: கல்பாலம், இக்கரையிலிருந்து அக்கரைக்கு நடந்து கடத்தல். இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அவென்யூ நாலு வாரம் கூடிக் கூடிப் பேசியது. பாலத்தில் கூட்டம் சேர்வதற்கு முன் போய்விட வேண்டும் என்றால் இட்லிக்கு எத்தனை மணிக்கு மாவை ஊற்றுவது, பட்டுப்புடவைக்கு ஸ்வெட்டர் உள்ளேயா வெளியேயா, எந்தச் சிலைக்குப் பக்கத்தில் எந்தக் குடும்பம், பொருளாளர் ஓடிவந்து தன் மனைவியைக் கட்டிக்கொள்ளும்போது வீடியோ யார் எடுப்பது, மனைவி நகராமல் நின்றால் போதுமா அல்லது அவளும் ஓடிவர வேண்டுமா, முழங்கால் வலிக்கு என்ன செய்வது. மொட்டைமாடியில் சுண்ணாம்புப் பொடியால் பாலத்தின் அளவுக்குக் கோடு போட்டு அதன் மேல் நடந்து பழகினார்கள். மனிதர்கள் எதையாவது இவ்வளவு முழுமனதோடு விரும்பி மதியரசி பார்த்ததில்லை. விரும்பியது இவ்வளவு அற்பமாக இருந்தும் பார்த்ததில்லை. கடிதம் என்னவாயிற்று என்று அவள் கேட்கும்போதெல்லாம், திட்டம் இன்னும் முடியவில்லையே பாப்பா என்றார் தலைவர்.

நாலாவது வாரத்துப் புதன்கிழமை காலையில் வாய்க்காலின் மேல் பாலம் நின்றது.

ப்ராக்கின் முழுப் பாலமும் வரவில்லை. வாய்க்காலுக்கு எவ்வளவு போதுமோ அவ்வளவு, மூன்று வளைவும் ஆறு சிலையும், கொஞ்சம் நெருக்கிக்கொண்டு வந்திருந்தன. கரும்பச்சைப் பாசி பிடித்த கல், நடுவில் பள்ளமாகத் தேய்ந்த நடைபாதை, கைப்பிடிச் சுவரில் அறுநூறு வருஷத்துக் கைகளின் வழவழப்பு. பால்காரர் அதன் மேல் சைக்கிளை ஓட்டிக்கொண்டு வந்து, இன்றைக்குச் சீக்கிரம் வந்துவிட்டேன் பாருங்கள் என்று மட்டும் சொன்னார். காலனிப் பெண்கள் வழக்கப்படி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பாலத்தைக் கடந்தார்கள். மூன்றாவது நாள்தான் ஒருத்தி, ஏன் கழற்றுகிறோம் என்று நின்று யோசித்தாள். பவுனு முதல் நாள் நொண்டியபடி ஆறு நிமிஷத்தில் அக்கரை சேர்ந்து, வத்சலா மேடம் வீட்டில் கதவு திறக்கும் முன்பே போய்ச் சேர்ந்ததற்காக வெளியே நிற்க வைக்கப்பட்டாள்.

அதிகாரிகள் வந்தார்கள். பாலம் எப்படி வந்தது என்று அவர்கள் கேட்கவில்லை, யார் அனுமதித்தது என்று கேட்டார்கள். டெண்டர் எண் என்ன, ஒப்பந்தக்காரர் யார், அறுநூறு வருஷத்துக்கு முன் கட்டியிருந்தால் அப்போதே ஏன் தெரிவிக்கவில்லை. நாடாவைப் பிடித்து அளந்தார்கள், அனுமதியில்லாத கட்டுமானம் என்று ஒரு நோட்டீஸைப் பாலத்தின் மேலேயே ஒட்டினார்கள், பிறகு அதே பாலத்தைக் கடந்து காலனிக் கடையில் டீ குடித்துவிட்டுப் போனார்கள். நோட்டீஸ் காய்வதற்குள் வார்டு உறுப்பினர் தன் முயற்சியால் பாலம் வந்ததாகத் தன் படத்தோடு பேனர் கட்டினார். ஆறு சிலைகளில், தலையைச் சுற்றி ஐந்து நட்சத்திரம் வைத்துக்கொண்டு நின்ற ஒரு தாடிக்காரச் சாமியாருக்குக் காலனி மஞ்சள் துணி சுற்றிப் பொங்கல் வைத்தது. அவென்யூ அவருக்கு இரும்புக் கூண்டு போட்டு, உபயம் இன்னார் என்று எழுதிய டியூப்லைட்டைப் பொருத்தியது. இரண்டு உபசாரத்தையும் அவர் ஒரே முகத்தோடு ஏற்றுக்கொண்டார்.

பாலம் திட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்பதும் வெகு சீக்கிரம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பாலத்துக்கு ஒரு மணி நேரம் எதற்கு, அரைமணி போதும், மீதியில் ஷாப்பிங் பண்ணலாம் என்று ஒரு கூட்டத்தில் திருத்தம் போட்டார்கள்; மறுநாள் பாலத்தின் அகலம் பாதியாகி, ஒரு ஆட்டோ நடுவில் சிக்கிக்கொண்டது. திருத்தத்தை எடுத்ததும் அகலம் திரும்பி வந்தது. கரண்டு போய்வருகிற மாதிரி இதையும் இரு கரையும் எடுத்துக்கொண்டன.

ஆனால் பாலம் என்றால் அதில் ஆட்கள் நடப்பார்கள் என்பதை அவென்யூ திட்டமிடவில்லை. வேலைக்காரர்கள் நேரத்துக்கு வருவது நல்லதாகத்தான் இருந்தது. சாயங்காலமானால் அவர்கள் குழந்தைகளும் வந்தார்கள். காலனி இளைஞர்கள் வடகரை முனைக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து கால்களைத் தொங்கப் போட்டார்கள். ஒரு கல்யாண ஊர்வலம் மேளத்தோடு பாலத்தைக் கடந்து அவென்யூ வழியாக மெயின்ரோட்டுக்குப் போயிற்று. அடுத்த வாரம் ஒரு சாவு ஊர்வலமும் போயிற்று. சாதி என்ற சொல்லை அவென்யூவில் யாரும் உச்சரிப்பதில்லை. அதற்குப் பதிலாகப் பாதுகாப்பு, சுகாதாரம், மனைமதிப்பு என்று மூன்று சொற்கள் வைத்திருந்தார்கள், அந்த வாரக் கூட்டத்தில் மூன்றையும் மாற்றி மாற்றி நாற்பது தடவை சொன்னார்கள். அடுத்த கூட்டத்தில் தீர்மானம் வந்தது: நம் பயணத் திட்டத்தில் பாலம் வேண்டாம்.

ப்ராக்குக்குப் போய்ப் பாலத்தைப் பார்க்காமல் வருவதா என்று பொருளாளர் ஒருவர்தான் கொஞ்சம் முனகினார். நமக்குப் பாட்டுத்தானே சார் வேண்டும், எந்த ரோட்டிலும் ஓடிவந்து கட்டிக்கொள்ளலாம் என்று அவரைச் சமாதானப்படுத்தினார்கள்.

சச்சிதானந்தம் மதியரசியைக் கூப்பிட்டு அனுப்பினார். இந்தத் தடவை உட்காரச் சொன்னார். அதிலேயே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. மேஜை மேல் கடிதம் இருந்தது, கையெழுத்தும் முத்திரையும் விழுந்திருந்தன.

"நீ படிச்ச பொண்ணு. நீயே உன் கையால அந்த ஒரு வரியை எடுத்துடு. நான் இதை உன் கையில குடுத்துடறேன்."

"இருக்கற பாலத்தை எடுத்துட்டு, இல்லாத பாலத்துக்குக் கடிதமா சார்?"

"எதுவும் முறைப்படி வரணும்மா."

"முப்பது வருஷமா முறைப்படிதான் சார் குழாய் மேல நடந்தோம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரலில் கோபம் இல்லை, ஒருவித வலி இருந்தது. அதுதான் அவளுக்கு அதிக எரிச்சலைக் கிளப்பியது. "இந்த மண்ணு தாங்காதுன்னு நான் எழுதியிருக்கேன். அது ரெக்கார்டுல இருக்கு."

ஜன்னலுக்கு வெளியே பாலத்தின் மேல் இருபத்தொரு எருமைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. மண் தாங்கிக்கொண்டுதான் இருந்தது. மதியரசி எருமைகளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மூன்று வளைவுக் கல் கண்ணெதிரே நிற்கும்போதும் தான் எழுதிய அரைப்பக்கத் தாளை நம்புகிற ஒரு மூளையை எதிர்த்து எந்த வாதமும் செல்லாது என்று முதல்முறையாக ஒப்புக்கொண்டு, எழுந்தாள். எடுக்க மாட்டேன் சார் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

அவள் எடுக்காவிட்டால் என்ன, எடுக்க ஆளா இல்லை. சென்னையில் ஒரு டிராவல்ஸ்காரரை வைத்துப் புதுத் திட்டம் தட்டச்சாயிற்று. இரண்டாம் நாள் காலை ஏழு மணிக்கு, ஹோட்டலில் காலை உணவு. வருகிற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நிறைவேற்ற வேண்டியதுதான் பாக்கி. தட்டச்சான அன்றே தென்கோடிச் சிலை ஒன்று காணாமல் போய், அது நின்ற பீடத்தில் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது.

ஞாயிற்றுக்கு ஆறு நாள். காலனிச் சமுதாயக் கூடத்தில் மதியரசி கூட்டம் போட்டாள். அவள் கணக்கு எளிமையானது: யாரோ போகத் திட்டமிட்டால் பாலம் நிற்கும் என்றால், அவர்கள் விட்டுவிட்டால் நாம் திட்டமிடுவோம். பாஸ்போர்ட் தேவையில்லை, விசா தேவையில்லை, ஒரு தாளும் நூற்றுக்கணக்கான கைகளும் போதும். நிஜமாகப் போக வேண்டியதில்லை, பாலம் நிற்பதற்காகத்தான் என்று விளக்கினாள். எல்லோரும் சந்தோஷமாகக் கை தூக்கினார்கள். மறுநாள் விடிந்தபோது இன்னொரு சிலையும் கைப்பிடிச் சுவரில் எட்டடியும் இல்லை.

அவளுக்கு அவமானமாக இருந்தது. அவென்யூக்காரர்கள் எவ்வளவு அற்பர்களாக இருந்தாலும், இட்லிமாவிலிருந்து முழங்கால் வலிவரை உண்மையாகவே போக ஆசைப்பட்டார்கள். பாலம் அந்த ஆசையில்தான் நின்றது, பொய்த் தாளில் நிற்க அது என்ன அரசாங்கக் கட்டடமா. சரி, உண்மையான ஆசையை உண்டாக்குவோம் என்று அடுத்த கூட்டத்தில் ஒரு மணி நேரம் அந்த நகரத்தின் வரலாற்றைச் சொன்னாள். எந்த அரசன், எந்தப் போர், யாருடைய உழைப்பை உறிஞ்சி எந்த அரண்மனை, அந்தக் கோபுரத்தையெல்லாம் வாயைப் பிளந்து பார்க்கிற சுற்றுலாக் கும்பல் எவ்வளவு கேவலம். பேச்சு நன்றாகத்தான் இருந்தது. அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஓடிவந்த ஒருவர், அக்கா, இப்போ இன்னொரு சிலை போயிடுச்சு என்றார். கூடத்தில் சிரிப்பு எழுந்தது. நீ இன்னும் அரைமணி பேசியிருந்தால் வளைவும் போயிருக்கும் என்றாள் பின்வரிசையிலிருந்து ஒருத்தி.

வெள்ளிக்கிழமைக்கு மூன்று சிலையே மிச்சம், நட்சத்திரச் சாமியாரையும் சேர்த்து. பாலத்தின் நடுவே கல்லுக்குள்ளாகக் கீழே ஓடும் தண்ணீர் மங்கலாகத் தெரியத் தொடங்கியது. பவுனு மறுபடியும் நெடுஞ்சாலையைச் சுற்றிப் போக ஆரம்பித்திருந்தாள். அன்று மத்தியானம் வேலை முடிந்து எட்டாவது கிலோமீட்டரும் நடந்து வந்து, கூடத்துச் சுவரோரமாகக் காலை நீட்டி உட்கார்ந்து, தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மதியரசி தாளை முன்னால் வைத்துக்கொண்டு, எழுதுவதற்கு ஒன்றுமில்லாமல் எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தாள்.

"ஏ புள்ள, நீ என்னென்னவோ சொல்றே, இதைச் சொல்லலியே," என்றாள் பவுனு. "மூணு வளைவு இங்க வந்துருச்சு. அங்க இருக்கறவுங்க எப்புடிக் கடக்குறாங்க?"

மதியரசி எரிச்சலோடு சொன்னாள்: "அங்க வேற பாலம் நெறைய இருக்கும்மா."

"நமக்குந்தான் நாலு கிலோமீட்டர்ல வேற பாலம் இருக்கு."

கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். ஆளுக்கொரு பேச்சாகக் கிளம்பியது. ஆமாம், அங்கேயும் வேலைக்குப் போகிறவள் இருப்பாள். குளிர் ஊர் என்கிறார்களே, அந்தத் தண்ணீரில் இறங்கினால் கால் என்ன ஆகும். அங்கே குழாயாவது உண்டா. அவர்களுக்கு நடுவில் மூன்று வளைவு இல்லை என்றால் இந்நேரம் யாராவது விழுந்திருப்பார்களோ. நாம் பாட்டுக்கு இதன் மேல் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மேளம் கொட்டிப் போகிறோம், கொடுத்தவர்களை ஒரு வார்த்தை கேட்டோமா. கொடுத்தார்களா, அவென்யூக்காரன் பேசிப் பேசிப் பிடுங்கிக்கொண்டு வந்தானா, அதையாவது போய்த் தெரிந்துகொள்ள வேண்டாமா. யாராவது ஒருத்தர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருவதுதான் முறை.

போவதென்றால் எப்படிப் போவது என்று வந்தபோது இன்னொரு சண்டை. அடுத்த வீட்டிலிருந்து ஒரு கிண்ணத்தில் குழம்பு வந்தால், கிண்ணத்தைக் கழுவி வெறுமனே திருப்பிக் கொடுக்கிற பழக்கம் காலனியில் எந்த வீட்டிலும் கிடையாது. ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுக் கொடுப்பார்கள். பாலம் வாங்கிக்கொண்டவர்கள் என்ன கொண்டுபோவது. கம்பு உருண்டை என்றாள் ஒருத்தி. அவர்களுக்குப் பல் எப்படியோ, கடிக்க முடியுமா என்றாள் இன்னொருத்தி. அதிரசம் கெட்டுப்போகாது. அந்த ஊர்ச் சாமியாருக்கு இங்கே சுற்றிய மஞ்சள் துணியில் ஒரு கிழிசல் கொண்டுபோனால், அவர் நல்லபடியாக இருக்கிறார் என்று அவர்கள் நம்புவார்கள். வளைவுகளைத் திரும்பக் கேட்டால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். கேட்டால், ஆளுக்கு ஆறு மாசம் வைத்துக்கொள்ளலாம் என்று பேசிப் பார்ப்பது, அங்கே பனிக்காலத்தில் ஆற்றின் மேலேயே நடக்கலாமாமே என்று கடைசியில் தீர்ந்தது. முதலில் போகிறவள், கால் போனதால் கடப்பதன் அருமை தெரிந்த பவுனு. கூடப் போகிறவள், அந்த ஊர்க்காரர்களோடு எதையாவது வாதாட வேண்டி வந்தால் உதவும் என்பதால், மதியரசி.

மதியரசி எழுதினாள். இடையில் குறுக்கிட்டாள், வேகமாகப் பேசாதீர்கள் என்று கத்தினாள், அதிரசமா கம்பு உருண்டையா என்று முடிவு சொல்லுங்கள் என்றாள். இரண்டாம் நாள் காலை ஏழு மணி என்று வந்தபோது பேனா தானாக நின்றது. என்ன எழுதுவது என்று கேட்டாள். எல்லோரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்: வேலைக்குப் போகிறவர்கள் கடக்கிற நேரத்தில் கரையில் போய் நின்று பார்ப்பது. எழுதி முடித்துத் தாளை மடிக்கும்போது, தான் இத்தனை நாளும் ஏளனம் செய்த அந்த ஊருக்குப் போகத் தனக்கு ஆசையாக இருக்கிறது என்பதைக் கண்டு அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் கல்லுக்குள் தெரிந்த தண்ணீர் மறைந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு அவென்யூ புதுத் திட்டத்தைக் கைதட்டி நிறைவேற்றியபோது, ஈ உட்கார்ந்த மாட்டின் தோல் சிலிர்ப்பது போலப் பாலம் ஒரு தடவை சிலிர்த்தது, அவ்வளவுதான். திங்கட்கிழமை காலையில் ஆறு சிலையும் நின்றன. சச்சிதானந்தம் தன் மொட்டைமாடியிலிருந்து அதைப் பார்த்துவிட்டு, வாய்க்கால் பக்கத்து ஜன்னல்களுக்கெல்லாம் கெட்டித் திரை வாங்கிப் போட்டார்.

அவென்யூ ப்ராக்குக்குப் போனது. பிள்ளையாருக்குச் சிதறுகாய் உடைத்து, ஒரே நிறத் தொப்பி போட்டுக்கொண்டு, இரண்டு பெட்டி பருப்புப்பொடியோடு போய், பத்து நாளில் திரும்பியது. வத்சலா மேடம் அலமாரியில் வைக்கக் கண்ணாடிப் பொம்மைகள் வாங்கி வந்தாள். அவற்றைத் துடைத்துக்கொண்டே பவுனு, அங்கே பாலம் எப்படிம்மா இருக்கிறது, நடுவில் ஏதாவது குறைகிறதா என்று கேட்டாள். வத்சலா மேடத்துக்குக் கேள்வியே விளங்கவில்லை.

"அது நம்ம திட்டத்துல இல்லையே பவுனு. நாங்க பாக்கலை."

ஆற்றங்கரையில் எடுத்த படங்களையாவது காட்டச் சொல்லி மதியரசி கேட்டனுப்பினாள். நூற்றுக்கணக்கில் படங்கள் வந்தன. எல்லாவற்றிலும் அவர்கள்தான் இருந்தார்கள். பின்னால் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று தெரிவதற்கு ஒரு தலைகூட அரை அங்குலம் இடம் விடவில்லை. அத்தனை தூரம் போய், அத்தனை கண்களைக் கொண்டுபோய், ஒரு ஊருக்கு நடுவில் பாலம் இருக்கிறதா இல்லையா என்பதைக்கூடப் பார்த்துவிட்டு வரத் தெரியாத கூட்டம். வேறு வழியில்லை, நாமேதான் போயாக வேண்டும் என்று காலனி முடிவு செய்தது. பவுனுவும் மதியரசியும் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் போட்டார்கள்.

மூன்றாவது வாரம் விசாரணைக்காக ஸ்டேஷனிலிருந்து ஒரு ஏட்டு வந்தார். பைக்கைப் பாலத்தின் மேல் ஓட்டிவந்து, வாசலில் நிறுத்தி, உள்ளே வராமல், வெயிலில் நின்றபடியே காகிதங்களைப் புரட்டினார். தகரக் கூரையைப் பார்த்தார், பவுனுவின் காலைப் பார்த்தார், வாயோரம் ஒரு சிரிப்பு வந்தது.

"வெளிநாடா? நீயா? எங்கம்மா போறே?"

பவுனு ஊரின் பெயரைச் சொன்னாள். நாலு வாரமாகப் பழகியதால் சரியாகவே சொன்னாள்.

"அங்க என்ன வேலை உனக்கு? ஊர் சுத்திப் பாக்கப் போறியாக்கும்."

மதியரசி அரசியல் சட்டத்தின் எந்தப் பிரிவிலிருந்து ஆரம்பிப்பது என்று மூச்சை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தாள். அதற்குள் பவுனு பேசிவிட்டாள்.

"சுத்திப் பாக்க இல்லீங்கய்யா. அவுங்க பாலத்துல மூணு வளைவு எங்ககிட்ட இருக்கு. அவுங்க இப்ப எப்புடிக் கடக்குறாங்கன்னு பாத்துட்டு வரணும்."

ஏட்டு திரும்பி, தான் வந்த பாலத்தைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். அக்கரையிலிருந்து பெண்கள் வேலை முடிந்து வந்துகொண்டிருந்தார்கள். அவர் வாயோரச் சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. போகும் காரணம் என்ற இடத்துக்கு நேரே பேனாவை வைத்து, இதை எப்படிம்மா எழுதறது என்று மதியரசியைக் கேட்டார். அவள் எவ்வளவோ சொற்கள் தெரிந்தவள், அம்மாவின் பக்கம் திரும்பினாள். ஏட்டு கொஞ்சம் யோசித்தார். பிறகு பைக்கின் சீட்டு மேல் காகிதத்தை வைத்து, நிதானமாக, நல்ல கையெழுத்தில் எழுதினார்: உறவினரைப் பார்க்க.